நிற்பதாகச் சொல்லிக்கொண்டு ஓடிய கார்

நின்றும் இருந்தும் கிடந்தும் அடியாரைக் காக்கும் பெருமாளின் திருவடிகளைச் சேவித்து இதை எழுதத் தொடங்குகிறேன்.

அன்று பங்குனி உத்திரம். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இப்பால், புதிய மனைப்பிரிவு ஒன்றில் எழுந்திருந்த கோயிலில் தாயார் திருக்கல்யாணம். திருமாங்கல்யம் எங்கள் குடும்பத்து உபயம். அதை வெள்ளிச் சிமிழில் இட்டு, மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் காரில் ஏறினேன். முகூர்த்தத்துக்குள் அது சந்நிதி சேர வேண்டும். அடியேனுடைய கவலை அது ஒன்றே.

மாப்பிள்ளையின் கவலை வேறு. கைப்பேசியில் வழி பார்க்கும் காலம் அப்போது வரவில்லை. அவருடைய புதுக் காரில் வழிகாட்டும் திரை இருந்தது. வண்டி ஓடும்போது அதில் ஊர்ப்பெயரைப் பதிய முடியாது. ஓட்டுகிறவர் உயிரை எண்ணி, காரைச் செய்தவர்கள் அப்படிப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கருணையை மாப்பிள்ளை அவமானமாகக் கருதினார். முந்தின வாரம் என்னையும் அழைத்துக்கொண்டு சிவாஜிநகர்க் கடையொன்றுக்குப் போய், சிறு பெட்டி ஒன்றை மாட்டிக்கொண்டார்.

"ஃபிக்கர் நக்கோ, கவலைப்படாதீங்க பெரியவரே," என்றார் கடைக்காரர். "இந்த பட்டனை அமுக்கினா, வண்டி நிக்குதுனு ஸ்க்ரீன் நம்பிக்கும். சார் ஓட்டிக்கிட்டே என்ன வேணா பண்ணலாம்."

"பொய் சொல்றதுக்கு ஒரு பெட்டியா?"

"பொய் இல்ல பெரியவரே. அட்ஜஸ்ட்மெண்ட்."

உலகமே பொய் என்று வாதிட்டவர்களை எங்கள் ஆசாரியர்கள் மறுத்திருக்கிறார்கள். ஓட்டம் பொய் என்று சாதிக்கும் பெட்டியை அவர்கள் கண்டதில்லை.

பொம்மனஹள்ளியில் நெரிசல் தளர்ந்ததும் மாப்பிள்ளை பட்டனை அமுக்கி, ஓட்டியபடியே மனைப்பிரிவின் பெயரைப் பதிந்தார். திரையில் அம்பு ஒன்று தோன்றியது. பிறகு அது அசையவேயில்லை. நிற்கிற வண்டிக்கு வழி எதற்கு என்று அந்த யந்திரம் வாளாவிருந்தது.

"மாப்பிள்ளே, யாரையாவது கேட்டுடலாமே."

"வேண்டாம் மாமா. திரும்பற இடம் வந்தா அதுவே சொல்லும்."

எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன, கடந்தும் போயின. கோயில் பட்டர் கைப்பேசியில் அழைத்தார்.

"ஸ்வாமி, எங்கே எழுந்தருளியிருக்கேள்? பெருமாள் மாலை மாத்திண்டு காத்துண்டிருக்கார்."

திரையைப் பார்த்தேன். "பொம்மனஹள்ளியில நின்னுண்டிருக்கோமாம்," என்றேன்.

வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓர் ஆட்டோக்காரரிடம் வழி கேட்டேன்.

"கோயில் ஹிந்தேயே போச்சே சார், பின்னாடி. திருப்பிக்கிட்டு போங்க," என்றவர், உள்ளே எட்டிப் பார்த்தார். "இவ்ளோ பெரிய டிவி வெச்சிக்கிட்டு என்னைக் கேக்குறீங்க."

நாங்கள் சேர்ந்தபோது முகூர்த்தம் கடந்திருந்தது. பட்டர் மஞ்சள் கிழங்கை நூலில் கோத்து, உரிய வேளையிலேயே கட்டுவித்துவிட்டார். தாயாரின் திருமுகத்தில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் அடியேனுடையது. சிமிழைத் திருவடியில் சமர்ப்பித்துவிட்டு நின்றேன்.

"புது மாடல் பெட்டியில இதை சரி பண்ணிட்டானாம் மாமா," என்று மாப்பிள்ளை காதோடு சொன்னார்.

இதைப் படிப்போர் அனைவரும் சேர வேண்டிய இடத்தை உரிய வேளையில் சேர்ந்து, தாயாரின் கடாட்சம் பெற்று நீடு வாழ்க.