கேரட் தோட்டத்தில் ஒரு கோட்டை

காலை ஏழரைக்கு ஊட்டியில் ஜீப் ஏறினேன். இத்தலார் பக்கம் போய்வர ஆயிரத்து இருநூறு ரூபாய். மலைக்கோட்டைகள் பற்றிய என் புத்தகத்தில், இந்த ஒரு கோட்டையைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டதை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதிவிட்டேன். கண்ணால் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

"அங்க இருவது வருசமா கேரட் லோடு ஏத்தறேனுங்க. கோட்டை ஒண்ணும் கண்ணுல படலீங்களே" என்றார் ஓட்டுநர் சாதிக் பாய். எனக்குச் சுருக்கென்றது.

ஒன்பதரை மணி. இத்தலாரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஜீப்பை விட்டு இறங்கிக் குன்றில் ஏறத் தொடங்கினோம். மூடுபனி விலகியதும், கேரட் பாத்திகளுக்கு நடுவே என் கோட்டை மதில் நின்றது. இடுப்புயரம், நாற்பத்திரண்டு தப்படி நீளம், கற்களில் உளித் தடம். நாடா பிடித்து அளந்தேன். காவற்கோபுரம் இருந்த மூலையைக்கூடக் கண்டுபிடித்துவிட்டேன். கண் கலங்கியது, சொல்ல வெட்கமில்லை.

தோட்டக்காரர் பழனிச்சாமி மண்வெட்டியோடு வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, அதை எதுக்குங்க அளக்கறீங்க? மண்ணு சரியாம இருக்க எங்கய்யன் கட்டுனதுங்க அது."

"அப்போ அந்த மூலை?"

"மோட்டார் வெச்சிருந்தமுங்க."

சாதிக் பாய் திரும்பி நின்று இருமினார்.

உளித் தடம் எப்படி வந்தது என்று கேட்டேன். காடு திருத்தும்போது கிடைக்கிற கல்லில் வரப்புக்குக் கட்டு வைப்பது இங்கே வழக்கம். அவர் அப்பா, குன்றின் உச்சியில் ஏற்கெனவே உளி பட்டுக் கிடந்த கல்லை உருட்டி வந்தாராம். உச்சிக்கும் போனோம். ஒரு பள்ளம், புல், அவ்வளவுதான். பள்ளம் அகழியா, மழை அறுத்ததா, தெரியவில்லை. கோட்டை இருந்த இடத்தில் கல் இல்லை; கல் இருக்கும் இடத்தில் கோட்டை இல்லை. எதைக் கோட்டை என்று எழுதுவது?

"எழுதுங்க, வேண்டாங்கல" என்றார் பழனிச்சாமி. "ஆனா எடத்தைச் சொல்லிட்டீங்கன்னா ஆளுக வந்து கல்லுக் கட்டைப் பிரிச்சுப் பார்ப்பாங்க. பிரிச்சா ஒரே மழையில மண்ணு பூராக் கீழ போயிருமுங்க. எம்புள்ளைக ரெண்டும் இந்தக் கேரட்டுலதான் படிக்குதுக."

ஒன்றரை மணிக்கு, அவர் கொடுத்த கேரட்டோடு கிளம்பினோம். ஜீப்பிலேயே அத்தியாயத்தைப் பிரித்து மதிலையும் கோபுரத்தையும் பற்றிய வரிகளை அடித்தேன். பள்ளம் மட்டும் மிஞ்சியது, அதுவும் குழப்பத்தோடு.

எங்கே போனாலும் தூரத்தைச் சரியாக எழுதுகிறவன் நான். இத்தலாருக்கு அப்பால் எத்தனை கிலோமீட்டர் என்று இதில் இல்லை. இத்தலார்தானா என்றும் கேட்காதீர்கள். இந்த வருட மழை இன்னும் பாக்கி இருக்கிறது.