கை தூக்கச் சொன்னார்கள்

போன செவ்வாய்க்கிழமை மதியம், ராயபுரம் கொட்டகையில் இருந்தவர்கள்: கார்ப்பரேஷன் ஆபீசர். அவருடைய பியூன், கையில் சங்கிலியும் பூட்டும். சங்கத் தலைவி பிலோமினா அக்கா. குழம்பு ஊற்றும் குப்பம்மா. வியாசர்பாடி காசி. அவன் பக்கத்தில் நான். மற்றபடி தட்டு முன்னால் உட்கார்ந்திருந்த ஹார்பர் ஆட்கள், அறுபது பேருக்கு மேல்.

யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.

கொட்டகை கார்ப்பரேஷனுடையது. முன்பு குப்பை வண்டி மாடுகளைக் கட்டிய இடம். லாரி வந்தது, மாடு போனது, கொட்டகை சும்மா கிடந்தது. புருஷனை ஹார்பரிலும் கடலிலும் பறிகொடுத்த பெண்கள் சிலர் சங்கம் வைத்தார்கள். அப்போதிருந்த ஆபீசரைக் கேட்டு, சாணியை வாரிக் கொட்டி, அடுப்பு மூட்டினார்கள். அவர் வாயால் சொன்னதுதான் உத்தரவு. அவர் மாற்றலாகிப் போனார். புதியவர் வந்தார்... பூட்டோடு.

அங்கே சாப்பாட்டுக்குக் காசு கேட்க மாட்டார்கள். வாசலில் ஒரு மண்பானை இருக்கும். வாய் சின்னது. அடியில் கடல் மணல். சாப்பிட்டவன் கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். காசு விழுந்தாலும் சத்தம் வராது, விழாவிட்டாலும் வராது. ஹார்பரில் ஒருநாள் வேலைக்குப் பெயர் கூப்பிடுவார்கள், ஒருநாள் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்ட அன்று கொஞ்சம் கூடுதலாகவே போடுவான். கூப்பிடாத அன்று வெறும் கை. யார் எது என்று யாருக்கும் தெரியாது. பெண்களுக்கும் கூலி கிடைத்தது, அடுப்பும் அணையாமல் எரிந்தது.

காசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாக்ஸிங் போட்ட உடம்பு. தினமும் வம்பு.

"இன்னாக்கா, கொழம்புல மீன் கீதா, இல்ல நீந்திப் பூட்சா?" என்பான்.

"உன் மூஞ்சப் பாத்துட்டு ஓடிப் பூட்சிடா," என்பார் குப்பம்மா.

இவ்வளவு குறை சொல்கிறவன் நிச்சயம் காசு போடுகிறவன் என்று நான் நினைத்திருந்தேன்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. உதவி செய்யத்தான் வந்ததாகச் சொன்னார். ஆனால் அவரிடம் இருந்தது இரண்டே வழி. விற்றால் ஓட்டல். ஓட்டல் என்றால் கொட்டகையை டெண்டர் விட வேண்டும், அன்றைக்கே பூட்ட வேண்டும். தர்மம் என்றால் இடத்தைச் சங்கத்துக்கே எழுதிக் கொடுக்கலாம், குழாயும் போட்டுத் தரலாம். நீங்கள் எது?

"ரெண்டும்தான் சார்," என்றார் பிலோமினா அக்கா.

இரண்டும் சேர்ந்தது என்று எழுத ரிப்போர்ட்டில் இடமில்லையாம். யோசித்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார். "ஓசியில சாப்பிடறவங்க கை தூக்கட்டும். எண்ணிக்கை போதும், தர்மம்னு எழுதிடலாம். பேர் வேண்டாம்."

அக்கா முன்னால் வந்து நின்றார். "அரிசி மூட்டையை எண்ணிக்கோ சார். பானையை வோணா ஒடச்சிப் பாரு. ஆளை மட்டும் கேக்காத."

ஆபீசர் பேனாவைத் திறந்தார். பியூன் சங்கிலியைக் கைமாற்றினான். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நான் என் தட்டைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வேலை இருந்தது. பானையில் போடுவதற்குக் காசும் இருந்தது. பக்கத்தில் காசி மூச்சு விடுவது கேட்டது.

முதல் கை அவனுடையது.

"எண்ணிக்கோ சார்," என்றான். "பூட்டை எட்துகினு போ."

பிறகு மூலையில் ஒரு கை. சுவரோரம் இரண்டு. ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். பியூன் எண்ணினான். பதினேழு. ஆபீசர் எழுதிக்கொண்டார்.

கொட்டகை பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே?

கார்ப்பரேஷனுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பெண்கள் தர்மம் கேட்கவில்லை. சும்மா கிடக்கிற இடத்தைக் கொடுங்கள், வாயால் இல்லை, எழுத்தில். ஒரு குழாய் கொடுங்கள். ரோடு பெருக்குகிற உங்கள் ஆட்களுக்குக் காலை இட்லியை அவர்களிடமே காசு கொடுத்து வாங்குங்கள். அடுப்பு தானாக எரியும். கணக்கு வேண்டுமா? அரிசியைப் பாருங்கள், பானையைப் பாருங்கள். இன்றைக்குப் போடாதவன் நாளைக்குப் போடுகிறவன். அவனைப் பிரித்து எண்ணி என்ன ஆகப் போகிறது?

புதன்கிழமை குழாய் போட ஆள் வந்தான். அக்கா எப்போதும் போடுகிற அளவே அரிசி போட்டார். குப்பம்மா கரண்டியோடு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கை தூக்கிய பதினேழு பேரில் சாப்பிட வந்தவர்கள் நாலு.