குவைத்திலிருந்து வந்த வெள்ளிக்கிழமைகள்

எனக்கு அப்போது நாலரை வயது. பாதிச் சுவரோடு நின்றுபோன வீட்டைக் கட்டி முடிப்பதற்காக அப்பா குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போயிருந்தார். இரண்டு வருடக் கான்ட்ராக்ட். எங்கள் ஊர் செலியமேட்டில் தெருவுக்கே மளிகைக் கடை அத்தை வீட்டில்தான் போன். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அன்று சாயங்காலம் கூப்பிடுவார். "ஏ, குவைத்து போன் வந்துக்குது, ஓடியா!" என்று அத்தை போடும் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும்.

முதலில் அம்மா பேசுவாள். பிறகு ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, வாசலுக்குப் போய் அத்தையோடு நாலு வார்த்தை பேசுவாள். ஓசியில் போன் பேசிவிட்டுச் சும்மா வர முடியுமா? அப்பா வாங்கிய போன் கார்டில் மிச்சமிருக்கும் நிமிடமெல்லாம் எனக்குத்தான்.

"கண்ணு, சாப்டியா?" என்பார் அப்பா. தலையாட்டுவேன்.

"உனக்கு இன்னா வாங்கியாரட்டும்?" ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சைக்கிளை விரலால் காட்டுவேன். ஒருமுறை புதுக் கவுனைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றியும் காட்டினேன். போன் வயர் கழுத்தில் மாட்டிக்கொண்டது. நான் பார்ப்பதையெல்லாம் அவரும் பார்க்கிறார் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. காதுக்குள்ளேயே வந்து பேசுகிறவருக்குக் கண் மட்டும் எங்கே போயிருக்கும்?

ஒரு வெள்ளிக்கிழமை, "அப்பாவ ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டார். இதென்ன கேள்வி! ரிப்பன் அவிழ்கிற மாதிரி தலையை ஆட்டினேன். "ஒரே ஒரு வார்த்தை பேசும்மா." இன்னும் வேகமாக ஆட்டினேன். கார்டு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது.

"அப்பாகிட்ட நல்லா பேசினியாடி?" என்று அம்மா வாரம் தவறாமல் கேட்பாள். பேசினேன் என்பேன். சத்தியமாக அது பொய்யில்லை.

அடுத்த மாதமே, வருடம் ஒன்றுகூட முடியாமல், அப்பா ஒற்றைப் பெட்டியோடு வாசலில் நின்றார். ஓடிப்போய் இடுப்பில் ஏறிக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்பாவ மறக்கலியா நீ? அப்போ போன்ல ஏம்மா பேசல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான்தான் தலையாட்டினேனே!" என்று, எப்படி ஆட்டினேன் என்பதையும் ஆட்டிக் காட்டினேன்.

கூட வந்த மளிகைக் கடை அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்து, அதை என் கவுனிலேயே துடைத்துக்கொண்டார்.

அம்மா சிரிக்கவில்லை. "இதுக்கா வேலைய வுட்டுட்டு வந்தீங்க? வீடு பாதிச் செவுரோடயே நிக்குதே!" என்று கேட்டாள். அப்பா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இடுப்பில் இருந்தபடியே எட்டி அவள் கன்னத்தைத் தொட்டு, "அழாதம்மா, அப்பா இனிமே அங்க போகவே மாட்டாரு" என்று ஆறுதல் சொன்னேன்.