அரிசியின் மேல் ஒரு சிவப்புக் கோடு

என் மேசை இழுப்பறையில் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புப் பென்சில் கிடக்கிறது. ஒஸ்லோவில் என் மேலதிகாரியாக இருந்த பிரிவுத் தலைவியின் பென்சில் அது. சின்னத் தீவு நாடுகள் தங்கள் கடலைக் காக்கப் பணம் கேட்டு எழுதும் விண்ணப்பங்கள் எங்கள் அலுவலகத்துக்கு வரும். அந்தப் பென்சில் வெட்டிய வரிக்குக் காசு கிடையாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் அங்கே தற்காலிக ஊழியன்.

ஒருநாள் பசிபிக் தீவொன்றிலிருந்து விண்ணப்பம் வந்தது. மீன் பெருகட்டும் என்று தீவை ஒட்டிய களப்புக் கடலை ஆறு மாதம் மீன்பிடிக்கு மூடப்போகிறார்களாம். கேட்ட பட்டியலில் காவல் படகு, மிதவைகள், அவற்றுக்குக் கீழே ‘மீனவக் குடும்பங்களுக்கு அரிசி’. தலைவி அரிசியை வெட்டிவிட்டார். நிதி கடலுக்குத்தான், சாப்பாட்டுக்கு அல்ல, விதியும் அதுதான். எனக்கோ அந்தக் கோட்டைத் தாண்டி வாசிக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணக் கரையில் பிறந்த மீனவன் மகன். போர்க்காலத்தில் எங்கள் கடலையும் மூடினார்கள். அப்பா முற்றத்தில் குந்தியிருந்து, கிழிசல் பொத்திய வலையையே திரும்பத் திரும்பப் பொத்தினார். பிள்ளைகளின் பசி பொறுக்காமல் சித்தப்பா தடையை மீறிப் போனார். வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது.

அன்றிரவு, ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். “உங்களுக்கென்ன விசரே? வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை. வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ,” என்றாள். பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டே, “ஆனா அந்தச் சனம் ஆறு மாசம் என்னத்தைத் தின்னும்?” என்று அவளே கேட்டாள். நல்ல மனுசி!

மறுநாள் மதியம் தலைவி பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். என் அரைகுறை நொர்வேஜிய மொழியில் சித்தப்பாவின் கதையைச் சொன்னேன். “அரிசி இல்லாவிட்டால் அவர்கள் களவாய்க் கடலுக்குள் இறங்குவார்கள். நாங்கள் கொடுக்கும் காவல் படகு அவர்களைத்தான் துரத்தும்,” என்றேன். அவர் பாணைக் கீழே வைத்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் நிதிக் குழுவின் முன் அவர் எழுந்து சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி: “வெட்டினது நான். பிழை என்ரை. கண்டுபிடிச்சவர் இவர்; இவர் சொல்லுறதைக் கேளுங்கோ.” பிழையைத் தன் பக்கமும் பெருமையை என் பக்கமும் தள்ளிவிட்ட மேலதிகாரியை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. சித்தப்பாவின் கதையைக் குழுவிடமும் சொன்னேன்; விதிவிலக்காக அரிசிக்கு அனுமதி கிடைத்தது. களப்பைத் திறந்த பிறகு தீவிலிருந்து வந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது: மூடியிருந்த காலத்தில் ஒரு வள்ளமும் களவாய் இறங்கவில்லை. வாசித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். தலைவிக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் ஓய்வுபெற்ற நாளில் அந்தச் சிவப்புப் பென்சிலை என் கையில் வைத்து, “இனி உங்கடை முறை,” என்று சிரித்தார். இன்று அவருடைய கதிரையில் நான் இருக்கிறேன். வெட்டவேண்டியதை நானும் வேறு பென்சிலால் வெட்டத்தான் செய்கிறேன். ஆனால் அதற்கு முன் எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கடலை மூடினால் வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்கிறேன். அந்தப் பென்சிலை மட்டும் இன்னும் சீவவில்லை.