தேதி போடாத கடிதமும் மூன்று மரங்களும்

1. சேர்ந்த நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான்.

ஐம்பதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஒரு தனியார் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. எனக்கு இருபத்து நான்கு வயது. இப்போது உடற்கல்வி ஆசிரியை என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அப்போது டிரில் டீச்சர், அவ்வளவுதான். ஒரு விசில், ஒரு வலைப்பந்து, நாள் முழுக்க வெயில்.

பள்ளியின் கரஸ்பாண்டெண்ட்தான் அங்கே எல்லாம். தலைமையாசிரியை அம்மா கூட அவரைக் கேட்காமல் மணி அடிக்க மாட்டார். என்னை எதிரே நிற்க வைத்து ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"எழுது டீச்சர். சொந்தக் காரணங்களுக்காக வேலையை ராஜினாமா செய்கிறேன். கீழ கையெழுத்துப் போடு. தேதி மட்டும் போடாத."

"ஏன் ஐயா?"

"அத்த நான் போட்டுக்கறேன். வேண்டியப்ப."

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அங்கே வேலை பார்த்த ஒவ்வொரு டீச்சரின் கடிதமும் அப்படித் தேதியில்லாமல் அவருடைய பீரோவில் இருந்தது. யாரையாவது பிடிக்காமல் போனால் தேதியைப் போடுவார், அந்த டீச்சர் தானாகவே விலகிப் போனதாகக் கணக்கு. நாங்கள் அதற்கு பீரோக் கடிதம் என்று பெயர் வைத்திருந்தோம்.

கோவளத்தில் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கருவாட்டுக் கடை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போன முதல் பெண் நான். வேலை வேண்டியிருந்தது, கையெழுத்துப் போட்டேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

2. மலையேரி

பக்கத்துப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு தை மாதமும் கேம்ப் போவார்கள். திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து, மாட்டு வண்டித் தடத்தில் ஏறிப் போனால் இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஓர் ஏரி. வீடு கிடையாது, வயல் கிடையாது, நீர்க்காக்கைகள்தான் குடியிருப்பு. ஊர்க்காரர்கள் மலையேரி என்பார்கள். நீலகிரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது மலைதான்.

பையன்கள் அங்கே கூடாரம் போட்டு, நீந்தி, மூங்கில் தெப்பம் தள்ளிவிட்டு வருவார்கள். எங்கள் பெண்களுக்கு அந்த மூன்று நாளும் தையல் வகுப்பு. இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம் போய்க் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு ஏரியில இன்னா வேல டீச்சர்?" என்றார் கரஸ்பாண்டெண்ட்.

"பையன்களுக்கு இன்னா வேலையோ அதே வேலதான் ஐயா."

அவர் பீரோவை ஒரு முறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெற்றோர் ஒன்பது பேர் சம்மதம் எழுதிக் கொடுத்திருந்ததால் மறுக்க வழியில்லை. "போங்க. கூடாரம் போடுங்க, கும்மி அடிங்க. தண்ணில இறங்கக் கூடாது" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. பேசாமல் வந்துவிட்டேன். பேசாமல் வந்தது சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டால் அது அவர் பாடு.

ஏரிக்குப் போய்த் தண்ணீரைத் தொடாமல் வருவதற்கு நாங்கள் என்ன படம் பார்க்கவா போகிறோம்? கோவளத்துக்குப் போனேன். அந்தோணி அண்ணன் அத்தாவுக்கு மீன் போடுகிறவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். கடலுக்குப் போகாமல் ஒதுக்கி வைத்திருந்த சிறிய கட்டுமரம் ஒன்று அவரிடம் இருந்தது. மூன்றே மரம்.

"எடுத்துகினு போ. ஆனா நான் கட்டித் தர மாட்டேன்" என்றார்.

"ஏன் அண்ணே?"

"மரத்துல பொம்பள கால் வெக்கக் கூடாது, தங்கச்சி. எங்க வழக்கம். அவுத்துப் போட்டா அது வெறும் கட்டை, யாரு வோணா தொடலாம். கட்டிட்டா கட்டுமரம். அப்புறம் அந்தப் பாவம் என்னுது."

"சரி, பாவம் என்னுதா இருக்கட்டும். கட்டையக் குடுங்க."

"உனுக்குக் கட்டத் தெரியுமா?"

"இருவது வருஷமா கரையில நின்னு பாத்துகினு கீறேன். தெரியாதா?"

கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். மறுநாள் விடியலில் மறுபடி கட்டுவார்கள். எங்கள் கடை வாசலிலிருந்து அதைத்தான் தினமும் பார்த்து வளர்ந்தேன். எனவே எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் திமிருக்குத் தண்டனை ஏரியில் கிடைத்தது.

3. சுற்றிச் சுற்றி

மரங்களை அத்தாவின் கருவாட்டு லாரி திருக்கழுக்குன்றம் ரோடு வரை கொண்டுவந்து இறக்கியது. அங்கிருந்து மாட்டு வண்டி. ஒன்பது பெண்கள், நான், சமையலுக்குப் பள்ளி ஆயா கன்னியம்மா. கூடாரங்கள் பையன்கள் பள்ளியில் இரவல் வாங்கியவை. நட்டு முடித்ததும் பெண்கள் அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தார்கள். வீட்டைத் தவிர வேறெங்கும் படுத்தறியாதவர்கள் அவர்கள்.

அன்று சாயங்காலமே மரங்களை அடுக்கினோம். நடுவில் நீள மரம், இரண்டு பக்கமும் இரண்டு. முன்னால் ஒரு குறுக்குக்கட்டை, பின்னால் ஒன்று, தென்னங்கயிறு போட்டு இறுக்கினோம். உள்ளங்கை தோல் உரிந்தது. மூக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் விரிந்து நின்றது. பழைய மரம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மூன்று பேரை ஏற்றினேன். முன்னால் சரோஜா. கருங்குழிப் பெண், ஐந்தாம் ஃபாரம், அதாவது பத்தாம் வகுப்பு, கமலைக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவள். மற்ற இருவருக்கும் நீச்சல் சுமார், அதனால் மூவர் இடுப்பிலும் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டினேன். துடுப்புகளைக் கையில் கொடுத்தேன். ஒரு தள்ளு தள்ளியதும் மரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. பெண்கள் கத்திய கத்தலில் நீர்க்காக்கைகள் எல்லாம் எழும்பின. என் வேலைக்காலத்தில் அதைவிடச் சந்தோஷமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

கொஞ்ச தூரம் போனதும் மரம் வலப்பக்கமாகத் திரும்பியது. துடுப்புப் போடப் போட மேலும் திரும்பியது. முழு வட்டம் அடித்தது, இன்னொரு வட்டம் அடித்தது. காற்று வேறு கிளம்பி அவர்களை ஏரி நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் பின்னாலிருந்து குரல் கேட்டது. "இன்னா டீச்சர் நடக்குது இங்க?"

கரஸ்பாண்டெண்ட். காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"டீச்சர், முன்னாடி கயிறு தளருது!" என்று சரோஜா ஏரி நடுவிலிருந்து கத்தினாள்.

பொய் சொல்லமாட்டேன். வேலை போய்விடும் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை. மூன்று பெண்களின் தாய்மார் முகம்தான் வந்தது.

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மார்பளவுத் தண்ணீருக்கு இறங்கினேன். மரம் மறுபடி என்னை நோக்கித் திரும்பியபோது அதன் மூக்கு நேராகத் தெரிந்தது. விரிந்து கிடந்த அந்த மூக்கைப் பார்த்ததும் மண்டையில் அடித்துக்கொண்டேன். இருபது வருடமும் கட்டுமரத்தை நான் கரையிலிருந்து, எதிர்முகமாகவே பார்த்திருக்கிறேன். எனக்கு இடப்பக்கமாகத் தெரிந்தது, மேலே நிற்பவனுக்கு வலப்பக்கம். நான் இடத்து மரத்தை வலத்திலும் வலத்து மரத்தை இடத்திலும் வைத்துக் கட்டியிருந்தேன். ஒரே ஒரு நாள் அதன் மேல் ஏறி நின்றிருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது.

"சரோஜா, துடுப்பை வெச்சிட்டுக் குறுக்குக்கட்டைய இறுக்கிப் புடி! மத்த ரெண்டு பேரும் வலப்பக்கம் மட்டும் போடுங்க. இடப்பக்கம் தொடக்கூடாது!" விசிலை வாயில் வைத்தேன். காலை அசெம்பிளியில் நடக்கிற மாதிரி, விசிலுக்கு ஒரு துடுப்பு. ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு.

"யாரையாச்சும் கூப்ட்டுப் படகு அனுப்பு!" என்றார் கரஸ்பாண்டெண்ட் கரையிலிருந்து.

"இங்க யாரும் இல்ல ஐயா. அவங்களே வருவாங்க."

வந்தார்கள். கோணல் மாணலாக, நேரம் எடுத்து, அழாமல் வந்தார்கள். சரோஜாவின் உள்ளங்கையில் கயிறு அறுத்து ரத்தம். கரையில் இருந்த ஆறு பேரும் ஓடிப்போய் மரத்தை இழுத்தார்கள். கன்னியம்மா மூன்று பேருக்கும் தலை துவட்டிவிட்டு, கரஸ்பாண்டெண்டை முறைத்துப் பார்த்தாள்.

4. தேதி

அவர் ஜிப்பாப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் பீரோக் கடிதம். அதைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார் என்றால், என்ன பார்க்கலாம் என்று மலையேறி வந்தார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. பயம் அத்தனையும் அந்த நிமிடம் கோபமாகிவிட்டது.

"இன்னிக்கித் தேதியப் போட்டுடறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

"ஐயா, மரத்தைத் தப்பாக் கட்டுனது நான். அதுக்கு சார்ஜ் மெமோ குடுங்க, ஒத்துகினு பதில் எழுதறேன். இந்தக் கடுதாசி என் கடுதாசி. தேதியும் நானே போடறேன். குடுங்க."

என்ன நினைத்தாரோ, கொடுத்தார். பெண்கள் முன்னால் நான் தலை குனிந்து எழுதுவதைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கலாம். ஈரக் கையோடு வாங்கினேன். கன்னியம்மாவின் அரிசித் தவலையைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து, விரல் விட்டுக் கணக்குப் போட்டு, தேதி எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் படித்தார். மறுபடி படித்தார். "இன்னா இது? இன்னும் இருவத்தெட்டு வருஷம் கீதே!"

"எனக்கு அம்பத்தஞ்சு வயசு முடியற நாள், ஐயா. ரிட்டயர்மென்ட். அன்னிக்கி ராஜினாமா பண்ணிக்கறேன்."

"வேற ஒண்ணு எழுது."

"எழுத மாட்டேன். ஸ்கூல் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து கேட்டா, பீரோவுல தேதியில்லாத கடுதாசி எத்தினி கீதுன்னு மட்டும் சொல்லுவேன்."

பெண்களில் யாரோ சிரித்தார்கள். யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. "சரோஜா, கயிற்றை அவிழு. மரத்தை மாத்தி அடுக்கணும்" என்றேன். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே அவிழ்த்து, சரியாக அடுக்கி, கட்டினோம். மூக்கு சேர்ந்து நின்றது. முதலில் நானே ஏறினேன். ஏரி நடுவிலிருந்து திரும்பிப் பார்த்தபோது அவர் வண்டித் தடத்தில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

சார்ஜ் மெமோ வந்தது. தப்பை ஒத்துக்கொண்டு பதில் எழுதினேன். இரண்டு வருடம் இன்கிரிமென்ட் வரவில்லை. கேம்ப் மட்டும் ஒரு வருடம் கூடத் தடைப்படவில்லை.

கோவளத்துக்குப் போனபோது அந்தோணி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "எதிர்ல நின்னே பாத்தா அப்டித்தான் ஆவும். மேல ஏறிப் பாக்கணும், தங்கச்சி."

"ஏற வுட்டாத்தானே அண்ணே."

அவர் சிரிப்பு நின்றது. அடுத்த தை மாதம் மரங்களை வாங்கப் போனேன், இடத்து மரத்தின் தலையில் கத்தியால் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டிருந்தது. "அது இடது. ஞாபகம் வெச்சுக்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இளைய டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். தேதியில்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வயிற்றுப்பாட்டுக்குப் போட்டுவிட்டீர்கள் என்றால், தேதியை எழுதும் கை உங்களுடையதாக இருக்கட்டும். பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் நீங்கள் ஏறிப் பாருங்கள். இதை நான் தப்புப் பண்ணிக் கற்றேன்.

நான் எழுதிய அந்தத் தேதி ஒரு நாள் வரத்தான் செய்தது. கரஸ்பாண்டெண்ட் காலமாகிப் பல வருடம். ஆபீஸ் கிளார்க் பழைய ஃபைலிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "டீச்சர், இதும்படி நீங்க இன்னிக்கி ராஜினாமா பண்ணிக்கீறீங்களே!" தாளின் ஓரத்தில் என் ஈர விரல் பட்டு மை கரைந்த இடம் அப்படியே இருந்தது.

அதற்குள் அரசாங்கம் ஓய்வு வயதை ஐம்பத்தெட்டாக்கி இருந்தது. "ஃபைல்லயே வைங்க. எனக்கு இன்னும் மூணு கேம்ப் பாக்கி" என்று சொல்லிவிட்டு, விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.