பென் டிரைவில் தொலைந்த எக்ஸ்

போனை எடுத்ததுமே முதலாளி கத்தினார். “என்னம்மா, என் கம்பெனியில எனக்கே பெர்மிஷன் இல்லையாம்ல?”

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் சிஸ்டம் அட்மின். பேக்கிங் யூனிட் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. லேபிள் அச்சடிக்கும் புரோகிராமை எங்கள் லினக்ஸ் சர்வரிலிருந்து பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, அங்கிருந்த புது லினக்ஸ் மெஷினில் போடப் போயிருந்தான் ஆபரேட்டர் ஜெயராஜ். ஓடவிட்டதும் ‘பெர்மிஷன் டினைடு’ என்று மெஷின் மறுத்துவிட்டது. வாசலில் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற லாரி. லேபிள் ஒட்டாமல் ஒரு பெட்டி ஏறாது.

“அந்தப் பய என்னத்தையோ கெடுத்துப்புட்டான். நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிருதேன்.”

“நான் வந்து பாக்கேன் சார். அதுவரைக்கும் அவனை ஒண்ணும் சொல்லாதீக.”

பஸ் ஜன்னலுக்கு வெளியே மலை கூடவே வந்தது. அன்று அதைப் பார்க்கவில்லை. இப்போது அந்தப் பயணத்துக்கு மனசு ஏங்குகிறது.

“காப்பிதான் அக்கா பண்ணேன். வேற எதையும் தொடல,” என்றான் ஜெயராஜ். முகம் வெளிறியிருந்தது.

உண்மைதான். லினக்ஸில் படிக்க, எழுத, ஓட்ட என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி அனுமதி உண்டு. ஓட்டுவதற்கான அனுமதியை எக்ஸ் என்ற எழுத்தால் குறிப்பார்கள். பென் டிரைவில் இருந்ததோ ஃபேட் ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஒரு பழைய முறை. இந்த அனுமதிகளைக் குறித்துவைக்க அதில் இடமே கிடையாது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ் என்கிற முறையில் இடம் உண்டு, ஆனால் குறிக்கும் விதம் வேறு. ஆக, எக்ஸ் வழியிலேயே போய்விட்டது.

“எல்லாருக்கும் எல்லாத்தையும் தொறந்து விட்டுரும்மா, லாரி நிக்குதுல்லா,” என்றார் அங்கேயே நின்றிருந்த முதலாளி. காலாவதி தேதி இருக்கும் ஃபைலையும் கண்டவனெல்லாம் மாற்றலாம் என்று அர்த்தம். காயத்தில் கட்டுகிற துணி அது. மாட்டேன் என்றேன். புரோகிராமுக்கு மட்டும் எக்ஸ் கொடுத்தேன். பிரிண்டர் கடகடவென்று ஓடியது.

“பையன் மேல தப்பில்ல சார். யார் கொண்டாந்தாலும் இப்படித்தான் ஆகும்.”

அவர் லாரியைப் பார்க்கப் போனார். ஜெயராஜின் வேலை தப்பியது. பிறகு எதைக் கொண்டுபோனாலும் டார் என்கிற ஒரே மூட்டை ஃபைலாகக் கட்டித்தான் கொண்டுபோனோம், அனுமதிகளும் அதற்குள்ளேயே வரும். மெஷின் மறுத்தால் முதலில் ஃபைலைப் பாருங்கள், ஆளைத் திட்டுவது அப்புறம்.

நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு ஜெயராஜ் வந்தான். போன வாரம் கூப்பிட்டான்.

“அக்கா, சர்வர்ல இருந்து உங்க அக்கவுண்டை எடுத்தாச்சு. ஃபைல்ல ஓனர்னு உங்க பேரு இருந்த எடத்துல வெறும் நம்பர் நிக்குது. என் பேருக்கு மாத்திக்கிடட்டுமா?”

அப்படித்தான் வரும்; அக்கவுண்டை எடுத்துவிட்டால் பேர் போய் அதன் எண் மட்டும்தான் மிஞ்சும்.

“ஏலே, எல்லாத்தையும் மாத்துற ரூட் பாஸ்வேர்டு உன் கையில இருக்கு. என்னைய ஏன் கேக்க?”

“உங்க ஃபைலுல்லா அக்கா. கேக்காம எப்படி?”

மாற்றிக்கொள்ளச் சொன்னேன். லேபிள் புரோகிராமை மட்டும் கடைசியாக மாற்றச் சொன்னேன். அதிலாவது என் நம்பர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.