வண்டியை விட்டு இறங்காதவர்

ரத்தம் எடுக்கச் சட்டென்று கையை நீட்டுகிற ஆண்பிள்ளை, விந்துப் பரிசோதனை டப்பாவை நான் நீட்டியதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். சிதம்பரத்தில் ஒரு கிளினிக்கை ஒட்டிய லேபில் டெக்னீசியனாக இருக்கிறேன். இதே வேலையில் அவதிப்படும் அன்பர்களே, உங்கள் லேபிலும் அந்தப் போன் அடித்திருக்கும்.

தடித்த ஃபைல்

செல்விக்குக் கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. அண்ணாகிராமத்துக்காரர்கள், தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று கடலூரையும் தாண்டி இங்கே வந்திருந்தார்கள். ஃபைல் முழுக்க அவளுடைய ரிப்போர்ட்தான், எல்லாம் நார்மல். மாமியாரோ மகனுக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். இந்த முறை டாக்டர் கணவருக்கு டெஸ்ட் எழுதியிருந்தார். அவர் எங்கே என்று கேட்டேன். செல்வி வாசலைக் காட்டினாள். ஹெல்மெட்கூடக் கழற்றாமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஊசி குத்தாத எடமில்ல சார். அவரு இன்னும் வண்டிய வுட்டே எறங்கல."

படகுக்காரரின் லீவு

அந்த நேரம் பார்த்து, பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிற ஒருவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். டெங்கு வந்து எழுந்த கையோடு டெஸ்ட் கொடுத்தவர்; விந்தணுக்கள் குறைவு. கடும் காய்ச்சலில் அப்படிக் குறைவது உண்டு, புதிதாக உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அப்புறம் மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனிதருக்குக் கூச்சமே கிடையாது. வாசலில் இருந்த ஹெல்மெட்காரரிடமே புலம்பினார்.

"பத்து நாள்ல துடுப்பு புடிச்சிட்டேன் மச்சான். இதுக்கு மட்டும் மூணு மாசம் லீவாம்."

சங்கிலி

அதைக் கேட்டுத்தானோ என்னவோ, செல்வியின் கணவர் முருகன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். டெஸ்டில் அணுக்கள் மிகக் குறைவு. டாக்டர் சொன்னபடி, முன்பு ஏதாவது காய்ச்சல் வந்ததா என்று விசாரித்தேன். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பொன்னுக்கு வீங்கி வந்ததாம். நம் ஊர் வழக்கப்படி அவர் அம்மா தன் தங்கச் சங்கிலியை அவர் கழுத்தில் போட்டிருக்கிறார். கன்ன வீக்கம் வடிந்துவிட்டது. அதே வாரம் விதைகள் இரண்டும் வீங்கி வலித்திருக்கின்றன. யாரிடமும் சொல்லாமல் படுத்தே கிடந்திருக்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் சொல்லவில்லை என்றேன்.

"கழுத்த ஊரே வந்து பாத்துது சார். அத யாருகிட்ட காட்டுறது?"

ரிப்போர்ட் நாள்

வளர்ந்த ஆண்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால் அந்த வைரஸ் சிலருக்கு விதையையும் தாக்கும், அணுக்கள் குறையலாம், தாம்பத்தியத்துக்கு அதனால் பெரும்பாலும் பழுதில்லை, பிள்ளைக்கும் சிகிச்சையில் வழி இருக்கிறது என்று டாக்டர் இருவருக்கும் விளக்கினார். வெளியே பெஞ்சில், அன்று கூடவே வந்திருந்த முருகனின் அம்மா. குறை யாருக்கு என்று என்னைக் கேட்டார். நான் சொல்லக் கூடாது, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேன். முருகனின் கை போனுக்குப் போய்த் திரும்பியது. குறை எனக்குத்தான், பெண் பார்ப்பதை நிறுத்து என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா தன் கழுத்தில் கிடந்த அதே சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அப்ப நீ எதுக்கு இத்தினி ஊசி போட்டுக்கின?"

இப்போதெல்லாம் மனைவி மட்டும் உள்ளே வந்தால், ஊசியை எடுப்பதற்கு முன்னால் வாசலில் வண்டி மேல் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.